எனாமலுக்கு அடியில் மினுங்கும் ஃபாயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் பட்டறை. அப்பா காலம் வரைக்கும் தங்க வேலை மட்டும்தான், எனாமலுக்கு வந்தது நான். செம்பிலும் வெள்ளியிலும் எனாமல் போட்டு, அதற்கு அடியில் கசக்கியோ கோடு போட்டோ வைத்த வெள்ளி ஃபாயில் (தாள் மாதிரி மெல்லிசான வெள்ளித் தகடு) தெரிகிற மாதிரி டாலர், கம்மல், மோதிரம் செய்கிறேன். ஓசூர், பாலக்கோடு, காவேரிப்பட்டணம், தருமபுரி என்று பல ஊர்களிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள். பாதிக் கேள்விகள் ஒன்றேதான் என்பதால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, பதிலை எழுதி வைத்துவிட்டேன்.

அக்கா, எனாமல்னா கடைவீதியில் கலர் ஊத்தித் தர்றாங்களே, அதுதானே?

இல்லை. கடைவீதியில் டாலருக்கும் சாவிக்கொத்துக்கும் ஊற்றுவது பெரும்பாலும் பிசின், அதாவது எபாக்ஸி. இரண்டு பாட்டிலைக் கலந்து ஊற்றிக் காய வைத்தால் முடிந்தது, நெருப்பே வேண்டாம். நான் சொல்வது கண்ணாடி எனாமல். கண்ணாடியை அரைத்த தூளை உலோகத்தின் மேல் வைத்து, கிட்டத்தட்ட 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டுவது. வடக்கே மீனா வேலை என்பார்கள். கண்ணாடிக்கு நீலம் கோபால்ட்டிலிருந்து வருகிறது, பச்சை செம்பிலிருந்து, நல்ல சிவப்பில் சில வகை தங்கத்திலிருந்தே வருகிறது. பிசின் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், கீறல் விழும். கண்ணாடி நிறம் மாறாது. பிசினுக்கு அடியிலும் ஃபாயில் வைக்கலாம், அது சுலபமான வேலை, பழகுவதற்கு நல்லது. ஆனால் இங்கே எழுதுவது முழுக்க நெருப்பு வேலை பற்றித்தான்.

செம்பு மேலேயே நேரா கலர் போட்டா என்ன குறைஞ்சிடும்? ஃபாயில் எதுக்கு?

செம்புத் தகட்டில் ஒரு ஓரத்தில் ஃபாயில் வைத்து, மிச்ச இடத்தை வெறுமனே விட்டு, இரண்டின் மேலும் ஒரே கண்ணாடிப் பச்சையை, அதாவது அடியில் இருப்பது தெரிகிற பச்சை எனாமலை, போட்டுச் சுட்டுப் பாருங்கள். செம்பு மேல் அது பாசி பிடித்த மாதிரி மங்கிக் கிடக்கும். ஃபாயில் மேல் அதே பச்சை, மழை பெய்து ஓய்ந்த பிறகு மாந்தோப்பில் வெயில் விழுந்தால் ஒரு பச்சை தெரியுமே, அப்படி இருக்கும். செம்புக்கே சிவந்த நிறம், பச்சையையும் நீலத்தையும் அது விழுங்கிவிடுகிறது. வெள்ளி எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புகிறது.

வெளிச்சம் கண்ணாடிக்குள் இறங்கி, அடியில் இருக்கிற வெள்ளியில் பட்டு, மறுபடி அதே கண்ணாடி வழியாகத் திரும்பி வருகிறது, அதனால் நிறத்தை இரண்டு தடவை கடக்கிறது. ஃபாயில் சமமாக இருந்தால் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றே ஒன்று வைத்த மாதிரி ஒரு கோணத்தில் மட்டும் பளிச்சென்று இருக்கும். கசக்கினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டிக் கண்ணாடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். போட்டிருப்பவர் தலையைத் திருப்பத் திருப்ப ஒன்று அணைந்து இன்னொன்று எரியும். அது தவிர, மேட்டின் மேல் கண்ணாடி மெல்லிசாகவும் பள்ளத்தில் தடிமனாகவும் நிற்பதால் ஒரே பச்சையே மேட்டில் இளம்பச்சையாகவும் பள்ளத்தில் கரும்பச்சையாகவும் தெரியும். ஒரு நிறம் வாங்கி நான்கு நிறம் எடுக்கிற வேலை இது.

இது புதுசா வந்த டெக்னிக்கா?

பழசு. பிரான்சில் லிமோஜ் ஊரில் 16ஆம் நூற்றாண்டிலேயே எனாமல் ஓவியத்தில் நகை வருகிற இடத்தில், உடுப்பு வருகிற இடத்தில் துண்டு துண்டாக ஃபாயில் வைத்து மேலே கண்ணாடி நிறம் போட்டார்கள். ஜப்பானில் இதற்கென்றே கின்பாரி என்று ஒரு பெயர் உண்டு: செம்புப் பாத்திரத்தில் அச்சு வைத்து அழுத்திய வெள்ளி ஃபாயிலை ஒட்டி, முழுக்கக் கண்ணாடி எனாமலால் மூடுவது. ஃபாயில் இல்லாமல் உலோகத்தையே செதுக்கி மேலே கண்ணாடி போடும் வழி இன்னும் பழசு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 14ஆம் நூற்றாண்டின் தங்கக் கிண்ணம் ஒன்று அப்படிச் செய்ததுதான். ஜெய்ப்பூர் மீனாவிலும் தங்கத்தைச் செதுக்கித்தான் நிறம் வைக்கிறார்கள், அடியில் செதுக்கின கோடு நிறத்துக்குள் மினுங்கும்.

நம் பக்கத்திலும் கல்லுக்கு அடியில் ஃபாயில் வைத்து அடைப்பது பத்தர்களுக்குத் தெரிந்த விஷயம். கெம்புக்கல் அப்படிச் சிவந்து ஜொலிப்பதில் பாதி வேலை அடியில் இருக்கிற தாளுடையது.

ஸ்வீட் மேல ஒட்டுற வெள்ளித்தாள், தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டுற தங்க ரேக்கு, இதெல்லாம் வேலைக்கு ஆகுமா? கிச்சன் ஃபாயில்?

ஸ்வீட் வெள்ளித்தாள் ஆகாது. ரேக்கு அவ்வளவு மெல்லிசு: அடித்து மெலிதாக்கின தங்க ரேக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தடிமன் இருக்கும். எனாமல் உருகும்போது அது கிழிந்து கரைந்து காணாமல் போய்விடும். தூவின மாதிரி சிதறல் வேண்டுமென்றால் மேல் அடுக்கில் போடலாம், அடியில் கண்ணாடி மாதிரி மினுங்க வைக்க முடியாது. எனாமலுக்கென்று வரும் ஃபாயில் அதைவிடப் பல மடங்கு தடிமன். சோதிக்க ஒரு வழி சொல்கிறேன்: சாமணத்தில் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள். மூச்சுக் காற்றுக்கே சுருண்டு ஒட்டிக்கொண்டால் ரேக்கு. தாள் மாதிரி நின்றால் ஃபாயில்.

கிச்சன் ஃபாயில் அலுமினியம். அது 660 டிகிரியிலேயே உருகிவிடும், எனாமல் அதற்கு மேல்தான் உருகுகிறது. சாக்லேட் தாளும் அதே கதை. தயவுசெய்து சூளைக்குள் வைக்காதீர்கள், சூளைத் தரை கெட்டுப்போகும்.

வாங்கும்போது கலப்பில்லாத 999 வெள்ளி ஃபாயிலா என்று கேட்டு வாங்குங்கள். தங்கம் என்றால் 24 கேரட். கலப்பு இருந்தால் சுடும்போது கறுக்கும்.

டெக்ஸ்சர் எப்படிக் கொண்டு வர்றது? கையால கசக்கினா போதுமா?

போதும். ஆனால் கசக்குவதிலும் பக்குவம் இருக்கிறது. ஃபாயிலை இரண்டு டிரேசிங் பேப்பருக்கு நடுவே வைத்து, பேப்பரோடு சேர்த்து உள்ளங்கையில் மெதுவாக உருட்டுங்கள். இறுக்கி உருண்டையாக்கினால் மடிப்பு முனைகளில் கிழியும். பிரித்து, கண்ணாடித் தட்டின் மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தடவுங்கள். சமமாக்கத் தேவையில்லை, மடிப்பின் உயரத்தை இறக்கினால் போதும். ஒரு தடவை கசக்கினால் பெரிய பெரிய பட்டைகள் வரும், மூன்று நான்கு தடவை பிரித்துப் பிரித்துக் கசக்கினால் பொடிப் பொடியாக வரும். கம்மல் மாதிரி சின்னப் பொருளுக்குப் பொடிதான் நல்லது. பெரிய டாலருக்குப் பொடி மடிப்பு போட்டால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும்போது வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும்.

அடுத்தது, எதன் மேலாவது வைத்துத் தேய்ப்பது. சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். கீழே பித்தளை வலையோ, லேஸ் துணியோ, ஜரிகை பார்டரோ வைத்து, மேலே ஃபாயில், அதற்கு மேல் டிரேசிங் பேப்பர், அப்புறம் ரப்பரால் தேய்ப்பது. எனக்கு ரொம்பப் பிடித்தது இலை. காய்ந்த அரச இலையின் பின்பக்க நரம்பு நன்றாகப் பதியும். மா இலை நரம்பு கொஞ்சம் தட்டையானது, பொறுமையாகத் தேய்க்க வேண்டும், ஆனால் மாங்காய் டாலருக்குள் மா இலை நரம்பு தெரிகிற அழகுக்கு அந்தப் பொறுமை தகும். போன மாம்பழ சீசனில் கிளிமூக்கு மாங்காய் வடிவத்தில் ஒன்று செய்தேன். மூக்குப் பக்கம் மஞ்சள், மேலே போகப் போகப் பச்சை, நடு நரம்பு மட்டும் ஒரு முடி அளவு மேடு. விளக்குக்கு அடியில் சாய்த்தால் நரம்பு ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தது. அதைக் கொடுக்கவே மனசு வரவில்லை.

மூன்றாவது, கோடு. மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில்லை விட நல்ல கருவி இதற்கு இல்லை. ஃபாயிலுக்கு அடியில் நாலைந்து மடிப்புத் துணியோ மௌஸ்பேடோ வைத்து, நடுவிலிருந்து கதிர் மாதிரி நெருக்கமாகக் கோடு இழுங்கள். ஓசூரில் வாட்ச் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு டயலில் வருகிற கில்லோஷே மாதிரி இருக்கிறதே என்றார். சரிதான், அது இயந்திரத்தால் உலோகத்திலேயே வெட்டும் கோடு, ரஷ்யாவில் ஃபபெர்ஜே என்ற நகைக்காரரின் பட்டறையில் அப்படி வெட்டி மேலே எனாமல் போட்டுத்தான் பெயர் வாங்கினார்கள். நாம் ரீஃபில்லால் கிட்டே போகிறோம். புள்ளிக் கோலமும் போட்டிருக்கிறேன், சிக்குக் கோலத்தின் வளைவு நீலத்துக்கு அடியில் நன்றாக வரும்.

எந்த வழியானாலும் மேட்டின் உயரம் எனாமல் தடிமனுக்குள் அடங்க வேண்டும். வெளியே முட்டினால் கடைசியில் கல்லால் தேய்த்துச் சமமாக்கும்போது கண்ணாடி போய், ஃபாயிலும் கிழிந்து, அடியில் இருப்பது பல்லைக் காட்டும்.

ஃபாயில்ல ஊசியால ஓட்டை போடணும்னு சொல்றாங்களே, அவசியமா?

கட்டாயம். ஃபாயிலுக்கும் கீழ் எனாமலுக்கும் நடுவே காற்று மாட்டும், பசையிலிருந்து ஆவி வரும். போக வழி இல்லையென்றால் கொப்புளமாகத் தூக்கும். கார்க்கில் பத்துப் பதினைந்து மெல்லிய ஊசிகளைச் செருகி ஒரு குச்சி செய்து கொள்ளுங்கள், இரண்டு தாளுக்கு நடுவே ஃபாயிலை வைத்துப் பொத்துப் பொத்தென்று குத்துங்கள். ஓட்டை கண்ணுக்குத் தெரியக் கூடாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் தெரிய வேண்டும். முதலில் குத்திவிட்டு அப்புறம் டெக்ஸ்சர் செய்யுங்கள்.

ஒட்டிச் சுடுற முறையை வரிசையா சொல்லுங்க.

செம்புத் தகடு 0.8 மி.மீ. எடுங்கள், லேசாக குவித்துத் தட்டினால் வளையாமல் நிற்கும். எலுமிச்சை உப்புக் கரைசலில் போட்டு எடுத்து, தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் முழுக்கப் பரவும் வரை தேய்த்துக் கழுவுங்கள். பின்பக்கம் ஒரு பூச்சு எனாமல், முன்பக்கம் நிறமில்லாத கண்ணாடி எனாமல் ஒரு அடுக்கு சல்லடையால் தூவிச் சுடுங்கள். பின்பக்கத்தை விட்டால் கண்ணாடியும் உலோகமும் வேறு வேறு அளவில் சுருங்கி முன்பக்கம் வெடிக்கும், இந்தச் சோம்பலால் போன டாலர்கள் ஏராளம்.

அந்த முதல் அடுக்கு இல்லாமல் வெள்ளி ஃபாயிலைச் செம்பு மேல் நேராக வைக்கவே கூடாது. வெள்ளி உருகுவது 962 டிகிரி, செம்பு 1085 டிகிரி. அதனால் 800 டிகிரியில் ஒன்றும் ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் சேர்ந்து 779 டிகிரியிலேயே உருகும். முதல் வருடம் நான் வைத்த ஒரு ஜோடிக் கம்மலில் ஃபாயில் செம்புக்குள் இறங்கி, ஒரு மூலையில் தகடே ஓட்டையாகிவிட்டது. சூளைக் கதவைத் திறந்தபோது ஓரத்தில் ஒரு துளி பாதரசம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நடுவே கண்ணாடி அடுக்கு இருந்தால் இந்தப் பயம் இல்லை.

சுட்ட அடுக்கின் மேல் பசைத் தண்ணீரை மெல்லிய பிரஷ்ஷால் தடவி (நான் சி.எம்.சி. என்கிற செல்லுலோஸ் பசைத் தூளை ரொம்ப நீர்க்கக் கரைத்து வைத்திருக்கிறேன்), அதே ஈரப் பிரஷ்ஷாலேயே ஃபாயிலைத் தொட்டு எடுத்து வையுங்கள். விரல் வேண்டாம், விரல் எண்ணெய் கறையாக நிற்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுங்கள். பிறகு சூளையின் தலையில் வைத்து முழுக்கக் காய விடுங்கள். இதில் அவசரப்பட்டால் ஈரம் கொதித்து ஃபாயில் எகிறும்.

சுடுவது இரண்டு நிமிடத்துக்கு முன்னே பின்னே. கீழ் அடுக்கு இளகி ஃபாயிலைப் பிடித்துக்கொள்ளும். எடுத்ததும் சூடு இருக்கும்போதே, எங்காவது தூக்கியிருந்தால் முனை மழுங்கிய ஸ்டீல் கம்பியால் மெதுவாக அழுத்துங்கள். ஆறிய பிறகு அழுத்தினால் கண்ணாடி நொறுங்கும்.

அப்புறம் கண்ணாடி நிறம். தூவாமல், ஈரமாக, மெல்லிய பிரஷ்ஷால் தானியம் தானியமாக வைத்து, துணி முனையால் தண்ணீரை உறிஞ்சி, காய வைத்துச் சுடுங்கள். ஒரே தடவையில் தடிமனாக வைக்காதீர்கள், மூன்று மெல்லிய அடுக்காகப் போனால்தான் தெளிவு வரும். நேரத்தைப் பார்ப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல்: முதலில் ரவை மாதிரி இருக்கும், அடுத்து சாத்துக்குடித் தோல் மாதிரி மேடு பள்ளமாகும், கடைசியில் எண்ணெய் தடவினது போல வழுவழுப்பாகும். அந்த வழுவழுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியா செஞ்சும் பால் மாதிரி மங்கலா வருது. ஏன்?

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் போர்த் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, வீட்டுக் குழாய் முனையில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறோம். ஃபுளோரைடு அதிகம் என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டு வந்தார்கள். குடிக்கிற விஷயம் தனி. எனாமலுக்குத் தொல்லை கொடுப்பது அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள்: காய்ந்ததும் தானியத்துக்கு நடுவே தங்கிவிடும், உருகும்போது வெள்ளைப் புகை மாதிரி நிற்கும். ஃபாயில் வேலையில் இது உடனே காட்டிக் கொடுத்துவிடும், ஏனென்றால் அடியில் இருக்கிறதைக் காட்டத்தானே இவ்வளவும்.

நான் செய்வது இதுதான்: தூளைச் சின்னக் கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தானியம் அடியில் இறங்கியதும் மேலே நிற்கிற பால் தண்ணீரைச் சாய்த்துவிடுவது. அரிசி களைகிற மாதிரியேதான். பால் நிறம் போகும் வரை ஏழெட்டுத் தடவை. கடைசி மூன்று தடவையும், பிரஷ் நனைப்பதும், பசை கரைப்பதும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில். இதை மாற்றிய அன்றைக்கே என் நீலம் திறந்துகொண்டது.

சிவப்பு போட்டா பழுப்பாகுது. வெள்ளி ஃபாயில் போலியா?

போலி இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ் மாதிரி சூடான நிறங்களில் பல வெள்ளியோடு சேர்ந்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ திரியும். ஃபாயில் மேல் வெள்ளிக்கென்று வருகிற நிறமில்லாத எனாமலை ஒரு மெல்லிய அடுக்கு போட்டுச் சுட்டு, அதற்கு மேல் சிவப்பு போடுங்கள். இல்லையென்றால் சிவப்பு வருகிற இடத்துக்கு மட்டும் தங்க ஃபாயில். விலை கூடத்தான், ஆனால் தங்கத்தின் மேல் சிவப்பு எரிகிற எரிப்பே வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நீலம், பச்சை, மயில் கழுத்து நிறங்களில் தொடங்குங்கள், அவை வெள்ளியோடு சண்டை போடாது.

92.5 வெள்ளி, பித்தளை, 916 தங்கம், இதுல எல்லாம் செய்யலாமா?

பித்தளை வேண்டாம், அதில் இருக்கிற துத்தநாகம் எனாமலை நிற்க விடாது. 92.5 வெள்ளியில் 7.5 பங்கு பெரும்பாலும் செம்பு என்பதால் சுடும்போது சாம்பல் கறை வரும், சூடும் அதிகம் தாங்காது. பழகின பிறகு பாருங்கள். 999 வெள்ளித் தகடு இருந்தால் ஃபாயிலே தேவையில்லை, ரோலர் மிஷினில் வலையோ இலையோ சேர்த்து ஓட்டி, தகட்டிலேயே டெக்ஸ்சர் எடுத்து மேலே எனாமல் போடலாம். 916 தங்கத்தில் கலப்பு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. துத்தநாகம் கலந்திருந்தால் தொந்தரவு, பத்தரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சூளை இல்லாம டார்ச்சுல முடியுமா?

சின்னப் பொருளுக்கு முடியும். முக்காலித் தாங்கியும் வலையும் வைத்து, நெருப்பை அடியிலிருந்து மட்டும் காட்டுங்கள். மேலே நெருப்பு நேராகப் பட்டால் கண்ணாடி நிறம் கறுக்கும். ஆனால் ஃபாயில் வேலைக்குச் சமமான சூடு ரொம்ப உதவும், அதனால் ஒரு சின்ன மின்சூளைக்குக் காசு சேர்ப்பது நல்லது.

வீட்டிலேயே செய்றேன், குழந்தை இருக்கு. பயப்படணுமா?

ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய எனாமல் பலவற்றில் ஈயம் உண்டு, ஈயம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் அது கண்ணாடித் தூள், நுரையீரலுக்குள் போகக் கூடாது. தூவும்போது என்95 மாஸ்க், ஃபேன் அணைத்திருக்க வேண்டும், மேசையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கழுவின தண்ணீரை ஒரு வாளியில் தங்க விட்டு, அடியில் படிந்ததைத் தனியாக எடுங்கள், சமையலறை சிங்க்கில் ஊற்றாதீர்கள். சமையலறை மேசையிலேயே இந்த வேலை வேண்டாம்.

ஒரு இடத்துல கண்ணாடி தெறிச்சு ஃபாயில் வெளியே தெரியுது. தூக்கிப் போடவா?

வேண்டாம். ஃபாயில் கிழியாமல் இருந்தால் அந்தப் பள்ளத்தை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, நைந்த பிரஷ்ஷால் தூசி எடுத்து, அதே நிறத்தை ஈரமாக நிரப்பிச் சுடுங்கள். கிழிந்திருந்தால் அந்த இடத்தை வைரத் தூள் ஒட்டின தேய்ப்புப் பேடால் தண்ணீரில் தேய்த்துத் தாழ்த்தி, அளவாக ஒரு துண்டு ஃபாயில் வெட்டி, ஓட்டை குத்தி, மறுபடி ஒட்டிச் சுடலாம். ஒட்டுத் தெரியும் என்று பயந்தால் அந்தத் துண்டையும் நன்றாகக் கசக்கிவிடுங்கள், மடிப்போடு மடிப்பாகக் கலந்துவிடும். பொருளில் கல் பதித்திருந்தாலோ பொடி வைத்து ஊதின (சூட்டில் பற்றவைத்த) வளையம் இருந்தாலோ சுடுவதற்கு முன் என்னிடம் ஒரு தடவை காட்டுங்கள். கல் வெடிக்கும், வளையம் கழன்று விழும்.